சேராதவர் இருவர்

கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தால் போதும், டோக்கன் இலவசம் என்று கம்பெனிப் பையன் சொன்னபோது தீப்பெட்டி ஆபீஸ் காலனியில் ஒருவரும் நம்பவில்லை.

“சும்மா எவன் குடுப்பான்?” என்றார் பால்ச்சாமி. “இன்னைக்கிக் குடுத்துட்டு நாளைக்கி நிலத்தை எழுதிக் கேப்பீக.”

“உங்ககிட்ட நிலம் இருக்கா மாமா?”

கூட்டம் சிரித்தது. பால்ச்சாமியும் சிரித்துவிட்டார். அந்தக் காலனியில் யாரிடமும் நிலம் இல்லை. ஆளே தேவைப்படாத ஆலை ஒன்று ஊருக்கு வெளியே வந்த பிறகு தீப்பெட்டி வேலையும் இல்லை.

கம்பெனிப் பையனின் பெயர் நவநீதன், சாத்தூர்க்காரன். சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் சாம்பல் நிறப் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டே பேசினான்.

“இப்ப உலகத்துல எதை வேணாலும் பொய்யாச் செஞ்சிரலாம். முகம், குரல், கைரேகை எல்லாம். போன்ல பேசுறது மனுசனா மிஷினான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனா அம்பது பேரு ஒரே எடத்துல உக்காந்து, அவங்க இதயம் கொஞ்ச நேரம் ஒண்ணு போலத் துடிச்சா, அதை மட்டும் எந்த மிஷினாலயும் பொய்யாச் செய்ய முடியாது. அந்தத் துடிப்புதான் எங்களுக்கு வேணும். அதுல இருந்துதான் டோக்கன் உண்டாகுது, காசு மாதிரி செலவழிக்கலாம். உண்டாகுறதுல வந்தவங்க எல்லாருக்கும் சரி பங்கு.”

“ஒண்ணு போலத் துடிக்காட்டி?” என்று கேட்டாள் விஜயராணி. மகளிர் குழுவுக்கு அவள்தான் தலைவி. அவள் கேட்காத கேள்வியை வேறு யாரும் கேட்கமாட்டார்கள்.

“வந்ததுக்குன்னு கொஞ்சம் விழும். ஒரு டீ குடிக்கலாம்.”

சுவரில் ஒரு பலகையை மாட்டினான். துடிப்புகள் சேர்ந்தால் அதில் மணி அடிக்கும். கீழே இரண்டு வரி வரும். சேர்ந்தவர் எத்தனை பேர், சேராதவர் எத்தனை பேர் என்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பால்ச்சாமி தன் பட்டையோடு, அன்று வராத மனைவியின் பட்டையையும் கொண்டுவந்தார். அது அவர் இழுத்துவந்த ஆட்டின் காலில் கட்டியிருந்தது.

“கழட்டி வச்ச பட்டை கணக்குலயே வராதுன்னியே. அதான் துடிக்கிற உசுருக்குக் கட்டிட்டேன்.”

“துடிக்கும் மாமா. ஆனா ஆடு மனுசங்களோட சேராது” என்றான் நவநீதன். அன்று பலகையில் ‘சேர்ந்தவர்’ வரியில் ஆடும் இல்லை, மனிதர்களும் இல்லை.

முதல் சில மாதங்கள் மணி அடிக்கவே இல்லை. பாட்டுக் கச்சேரி வைத்தார்கள். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு எல்லோரும் சேர்ந்து கேக் வெட்டினார்கள். கழுகுமலையிலிருந்து மிமிக்ரிக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். ஒரு கல்யாணத்தையே கூடத்தில் நடத்திப் பார்த்தார்கள். பலகை சும்மா இருந்தது. பால்ச்சாமியின் நாற்காலி உடைந்து அவர் மல்லாந்து விழுந்த அன்று மட்டும் மணி ஒரு தரம் முனகிவிட்டு நின்றது.

அந்த ஆடியில் சண்முகக்கனிக்குக் குழந்தை இறந்து பிறந்தது.

கல்யாணமாகி நெடுநாள் கழித்து உண்டான பிள்ளை அது. அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதே கணவன் தவசி அதைத் துண்டில் சுற்றி எடுத்துப்போய்க் கண்மாய்க் கரையில் புதைத்துவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்த கனி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். விஜயராணிதான் வந்து எழுப்பினாள்.

“நாலு பேரு முகத்தைப் பாத்தாத்தான் மனசு ஆறும். வாத்தா. ஒண்ணும் பேச வேண்டாம், வந்து உக்காரு.”

துக்க வீட்டுக்கு வரும் பெண்கள் துக்கப்பட்டவளைக் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் உட்காருவார்கள். இந்தச் சாவு ஆஸ்பத்திரியோடு முடிந்துவிட்டதால் அந்த முறையை யாரும் செய்திருக்கவில்லை. கனி கூடத்துக்குள் நுழைந்ததும் ஒவ்வொருத்தியாக எழுந்துவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். நடுவில் விஜயராணி கேட்டாள்.

“முகத்தைக் காட்டுனாகளா?”

“காட்டுனாக மதினி. மூக்கு அவுக மூக்கு.”

மணி அடித்தது.

கோயில் மணி போலில்லை. பள்ளிக்கூடம் விடுகிற மணி போல விடாமல் அடித்தது. அழுகிற முகங்கள் அழுதபடியே பலகைப் பக்கம் திரும்பின. சேராதவர் இருவர் என்று அதில் எழுதியிருந்தது.

அந்த வாரம் காலனியில் எல்லா வீட்டிலும் கறிக்குழம்பு. கனி வீட்டுக்கும் தூக்குச்சட்டிகளில் வந்தது. தவசி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு கனிக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், கையுள்ள நாற்காலி. மூக்கைப் பற்றி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். மணி அடித்தது. மறு வாரம் மூக்குக்கு மணி அடிக்கவில்லை.

“பால் கட்டிக்கிட்டு ராத்திரியெல்லாம் துடிச்சியாமே கனி?” என்றாள் விஜயராணி. கனி அவளிடம் மட்டும் ரகசியமாகச் சொன்ன விஷயம் அது.

கனி தலையைக் குனிந்துகொண்டாள்.

“சொல்லுத்தா. உள்ள வச்சுக்கிட்டாத்தான் வலி. பால் வத்த மல்லிகைப் பூ வச்சுக் கட்டுனியா?”

“கட்டுனேன்.”

“வத்துச்சா?”

“வத்தலை. பீச்சிக் கீழ ஊத்துனேன்.”

மணி அடித்தது. யாரோ ஒருத்தி விம்மலுக்கு நடுவே, “நல்லா விழுது இன்னைக்கி” என்றாள்.

தவசி ஆண்கள் பக்கத்தில் தூணோரமாக உட்கார்ந்திருப்பான். மற்றவர்கள் பலகையில் முதல் வரியைப் படிப்பார்கள். கனி இரண்டாவது வரியைத்தான் படிப்பாள். இருவர். ஒருத்தி அவள். இன்னொருவர் யாரென்று அவளுக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. வாரா வாரம் அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுத்தான் அவள் நாற்காலியிலிருந்து எழுந்துகொள்வாள்.

காலனிக்குள் மளிகைக் கடை டோக்கனை வாங்கிக்கொண்டது. ஸ்கூல் வேன் வாங்கிக்கொண்டது. தவசி ஒரு பழைய ஷேர் ஆட்டோ வாங்கினான். கூட்டத்துக்கு வராதவருக்குப் பங்கு கிடையாது என்பதுதான் ஒரே விதி. ஆனால் கனி வராவிட்டால் எல்லோருடைய பங்கும் டீக்காசாகிவிடும் என்பது எழுதாத விதியாக இருந்தது.

“இந்த வாரம் நான் வரலை மதினி.”

“வராட்டிப் போ” என்றாள் விஜயராணி, முறத்தில் அரிசியைப் புடைத்தபடி. “எம்மகன் காலேஜ் முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கயேன்னு நான் கேக்கமாட்டேன். பிள்ளையப் பறிகுடுத்தவகிட்ட அப்படிக் கேக்க எனக்கு நாக்கு வருமா?”

கனி நின்றுகொண்டே இருந்தாள். “எப்பத்தான் மதினி நிப்பாட்டுறது?”

“பெரிய சாவுன்னா பதினாறாம் நாள் கருமாதி இருக்கு. அன்னைக்கிச் சாப்பாட்டோட துக்கம் தீந்துச்சு. பல்லு மொளைக்காத பிள்ளைக்கு ஏது கருமாதி? கருமாதி இல்லாத துக்கத்தை எந்த நாள்ல நிப்பாட்டுறது? நீயே சொல்லு.”

அதைக் கனி யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். தன் வாயை அடைக்க விஜயராணி சொன்ன பதிலே அவளுக்கு ஒரு வழியைக் காட்டியது. கருமாதி செய்துவிட்டால் தீர்ந்துவிடும் அல்லவா?

“ஊர்ல வழக்கம் இல்லையே” என்றான் தவசி.

“நாமளே செய்வோம். வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும். சாப்பிட்டாகன்னா பொறவு கேக்க மாட்டாகல்ல?”

அவன் பையை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கக் கிளம்பினான்.

வியாழக்கிழமை காலையில் இரண்டு பேரும் கண்மாய்க் கரைக்குப் போய்ப் பாலும் பழமும் வைத்துக் கும்பிட்டார்கள். திரும்பிவந்து கனி சமைத்தாள். சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், பாயசம். முந்தின நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். வாசலில் பாய் விரித்து இலை போட்டாள்.

ஒருவரும் வரவில்லை.

விஜயராணிக்கு விரதம். பால்ச்சாமிக்கு வயிறு சரியில்லை. அடுத்த வீட்டு லூர்தம்மாள் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே, “இந்தா வாரேன் கனி, இந்தா வாரேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வெயில் சாய்ந்தது. பாயசத்தில் ஆடை கட்டியது. ஓர் இலையில் தவசி உட்கார்ந்தான், எதிர் இலையில் கனி. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மிச்சத்தை வாளியில் கொட்டி அவன் மாட்டுத் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனான். வழியில் எல்லா வீட்டிலும் சமையல் நடந்துகொண்டிருந்ததாக வந்து சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை கனி போகத்தான் செய்தாள். ஏன் வரவில்லை என்று நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்கு முன் விஜயராணி எழுந்துகொண்டாள். அவள் கண்கள் ஏற்கெனவே நிறைந்திருந்தன.

“பெத்த பிள்ளைக்குன்னு ஒரு வாய்ச் சோறு ஆக்கி வச்சு, இலையைப் போட்டுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்திருக்கா. ஒருத்தி எட்டிப் பாக்கலையே! ஒரு காக்கா வரலையே! பாவி மக்கா, இந்த வயிறு எப்படி எரிஞ்சிருக்கும்!”

மணி அதுவரை அவ்வளவு நேரம் அடித்ததே இல்லை. பால்ச்சாமி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். வராதவர்கள் எல்லோரும் வந்து அவளைக் கட்டிக்கொண்டு, ஒருவரும் வரவில்லையே என்று அழுதார்கள். அவள் கேட்க நினைத்த கேள்வியை அவர்களே கேட்டு முடித்துவிட்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு நவநீதன் பலகையைக் கழற்றித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். கனி அவன் அருகில் போய் நின்றாள்.

“தம்பி, அவுக அழுகை பொய்யா?”

“பொய்யின்னா மணி அடிக்காதுக்கா.”

“அப்ப எனக்காகத்தான அழுறாக?”

அவன் துடைப்பதை நிறுத்தினான். “இந்த மிஷின் அழுகையைப் பாக்கிறதில்லக்கா. அழுகை ஆளாளுக்கு வேற வேற. அழுகைக்கு முன்னாடி ஒரு சின்ன எடம் இருக்கு. ‘அய்யோ’ன்னு நெஞ்சு அடைக்கும். அடைச்ச கையோட, ‘நல்லவேளை, நமக்கில்ல’ன்னு எறங்கும். அந்த எறக்கம் மட்டும் எல்லா மனுசனுக்கும் ஒரே மாதிரி. அதுலதான் சேருறாங்க.”

“சந்தோசத்துல சேர மாட்டாகளா?”

“ஊர் ஊராப் பாத்துட்டோம். கல்யாணம், திருவிழா, கிரிக்கெட் மேட்ச். சந்தோசத்துல ஒருத்தர் நினைக்கிறதை இன்னொருத்தர் நினைக்கிறதில்ல. ஒரு தடவைகூட அடிச்சதில்ல.”

“இப்பல்லாம் நான் பேசுறதுக்கு முந்தியே அடிக்குதே?”

“ஒடம்புக்கு வழக்கமாயிருச்சு. பசி நேரத்துல தாளிக்கிற வாசனை வந்தா, சோறு எலைக்கு வாரதுக்கு முந்தியே வாய் ஊறுதுல்ல? அந்த மாதிரி. வரப்போகுதுன்னு எதிர்பாத்தாலே சேந்துருவாங்க.”

கனி தன் மணிக்கட்டைப் பார்த்தாள். “அந்த ரெண்டு பேரு?”

“துக்கம் யாருக்குச் சொந்தமோ அவங்களுக்கு எறங்காது. ‘நமக்கில்ல’ன்னு அவங்க எப்படி நினைப்பாங்க? நீங்களும் அண்ணனும்தான்.” பிறகு, ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியவன் போல, “அண்ணன் நல்ல மனுசன்க்கா. நான் போற மத்த ஊர்கள்ல சில எடத்துல ஒருத்தர்தான் சேராம இருப்பாங்க” என்றான்.

“ஒங்க ஆபீஸ்ல இதெல்லாம் தெரியுமா?”

“தெரியும். அவங்க இதுக்கு வேற பேரு வச்சிருக்காங்க. ஒற்றுமைன்னு.”

அதற்குப் பிறகு கனி ஒரு வித்தை கற்றுக்கொண்டாள். கூட்டத்துக்குப் போவாள், நாற்காலியில் உட்காருவாள், வாயைத் திறக்கமாட்டாள். கேட்பதற்கெல்லாம் ‘ம்’ என்பாள். அப்போதும் மணி அடித்தது. ஆனால் வாரத்துக்கு வாரம் தேய்ந்தது. கறிக்குழம்பு போய்ப் பருப்புக் குழம்பு வந்தது.

“இப்பல்லாம் கனி முன்ன மாதிரிச் சொல்றதில்ல” என்றாள் லூர்தம்மாள், நாடகக்காரியைக் குறை சொல்வது போல.

“அவளுக்கென்ன, புருசனுக்கு ஆட்டோ வந்துருச்சு. வயித்தெரிச்சல் அடங்கிருச்சு” என்றார் பால்ச்சாமி. அவள் காதில் விழும்படிதான் சொன்னார்.

மறு வருடம் கனி மறுபடியும் உண்டானாள்.

சேலையை ஏற்றிக் கட்டி முடிந்த மட்டும் மறைத்தாள். மறைக்க முடியாத மாதம் வந்தபோது காலனி அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கருவியில் கேட்கவும் விட்டார். அது யாரோடும் சேராமல் குதிரை ஓடுவது போலத் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கனி பல நாட்களுக்குப் பிறகு சிரித்தாள். இந்தப் பிள்ளை வெளியே வந்து ஒரே ஒரு குரல் அழுதால் போதும். அந்த நாற்காலியை யாராவது மடக்கி மூலையில் சாத்திவிடுவார்கள்.

“ஏழாம் மாசம் வளைகாப்பை நம்ம கூட்டத்துலயே வச்சிருவோம்” என்றாள் விஜயராணி. “நீங்க ஒண்ணும் செலவழிக்க வேண்டாம். எங்க எல்லாரோட செலவு.”

“அன்னைக்கி டோக்கன் விழாதே மதினி.”

“விழாட்டிப் போகுது. டோக்கனா பெருசு?”

சந்தோஷத்துக்கு மணி அடிக்காது என்பது கனிக்குத் தெரியும். காலனிக்கும் தெரியும், கேக் வெட்டிப் பார்த்தவர்கள்தானே. தெரிந்தே ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவர்கள் தனக்காக விட்டுக்கொடுக்கிறார்கள் என்று நினைத்தாள். இவர்களைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று தவசியிடம் சொல்லி அழுதாள்.

வளைகாப்பன்று கூடத்தில் மாவிலை கட்டியிருந்தார்கள். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறும் அண்டா அண்டாவாக வந்திருந்தன. அதே நாற்காலிதான். அதன் மேல் பட்டுத்துணி விரித்திருந்தார்கள். கனி உட்கார்ந்ததும் தவசி வந்து அவள் கையைப் பிடித்தான்.

“பட்டை இருந்தா வளையல் ஏறாது. குடு.”

“எம்பங்கு போயிருமே.”

“போனாப் போகுது. ஒரு நாளைக்கி ஒங்கையி ஒங்கையா இருக்கட்டும்.”

பட்டையை அவிழ்த்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தூணோரமாகப் போய் நின்றான். கனி அவனைப் பார்த்துச் சிரித்தாள். பட்டை இல்லாத மணிக்கட்டு வெளுத்துக் கிடந்தது.

பெண்கள் வரிசையாக நின்றார்கள். விஜயராணி அவள் கன்னத்தில் சந்தனம் பூசினாள். முதல் வளையலை விரல்கள் வழியே நோகாமல் ஏற்றினாள், பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. தலையில் அட்சதை தூவி, இரண்டு கைகளாலும் அவள் வயிற்றைத் தொட்டாள்.

“இந்தத் தடவை நல்லபடியாப் பெத்துப் பிழைக்கணும், தாயே.”

மணி அடித்தது.

எல்லோரும் பலகைப் பக்கம் திரும்பினார்கள். பிறகு பால்ச்சாமி கைதட்டினார். “அடிக்குது பாரு! சந்தோசத்துக்கும் அடிக்குது!” எல்லோரும் கைதட்டினார்கள். சில பெண்கள் குலவையிட்டார்கள். மணி நிற்கவில்லை. கருமாதிச் சாப்பாட்டுக்கு யாரும் வராத அந்த வாரத்தைவிட நீளமாக அடித்தது.

கனி நவநீதனைத் தேடினாள். அவன் கதவோரம் குனிந்து, சுருட்டிய வயரையே மறுபடியும் சுருட்டிக்கொண்டிருந்தான். அவள் பார்ப்பது தெரிந்தும் நிமிரவில்லை.

இன்னும் வராத ஒரு துக்கத்துக்கு இந்தக் கூடம் முழுவதும் வாய் ஊறிக்கொண்டிருந்தது. அவள் வயிற்றின் மேல் அவளை அறியாமல் கைகள் போய்க் கோத்துக்கொண்டன.

பிறகு பலகையின் இரண்டாவது வரியைத் தேடினாள். தன் பட்டை கழன்றுவிட்டது, தான் கணக்கில் இல்லை. ஒருவர் என்று இருக்க வேண்டும். அந்த ஒருவர் போதும்.

சேராதவர் எவரும் இல்லை என்று எழுதியிருந்தது.

எழுத்து மாறுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மாறவில்லை. தூணோரம் தவசி நின்றிருந்தான். அவன் முகத்தில் அதே சிரிப்புதான். அவள் பட்டை இருந்த சட்டைப் பையின் மேல் ஒரு கையை வைத்திருந்தான். அவனுடைய பட்டை அவன் மணிக்கட்டிலேயே இருந்தது, அவன் கணக்கில் இருந்தான்.

“என்னத்தா, திடீர்னு முகம் வாடுது?” விஜயராணி அவள் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அவள் கண்களில் நிஜமான கண்ணீர் இருந்தது. “எதுக்கும் பயப்படாத. எது எப்படி ஆனாலும் நாங்க எல்லாரும் உங்கூடத்தான் இருப்போம்.”